“வழுக்கி விழுந்துட்டேன்” என்று சொல்பவளுக்கு நாம் என்ன செய்ய முடியும்?

வந்த கேள்வி இது: “எங்கள் குடியிருப்பில் எதிர்வீட்டுப் பெண்ணை அவர் கணவர் அடிக்கிறார். இரவில் சத்தம் கேட்கிறது. காலையில் விசாரித்தால் ‘ஒண்ணுமில்லையே’ என்கிறார். சங்கத்தில் குடும்ப வன்முறை பற்றி விழிப்புணர்வுக் கூட்டம் போடலாம் என்கிறார்கள். கூட்டம் போடுவதா, கணவரிடம் பேசுவதா, போலீசுக்குச் சொல்வதா? எது உண்மையில் அந்தப் பெண்ணுக்கு உதவும்?”

முதலில் எதைச் செய்யக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். அந்தக் கணவரிடம் போய்ப் பேசாதீர்கள்.

திருப்பூரில் நான் சட்டத் தன்னார்வலராகச் சேர்ந்த புதிதில் இந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். எங்கள் தெருவுக்குப் பின்னால் லைன் வீடுகள். அதில் ஒரு பெண், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒருநாள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. நானும் தெருப் பெரியவர்கள் இரண்டு பேரும் கிளம்பிப் போனோம். அவன் பாய் விரித்து உட்கார வைத்தான், டீ வாங்கி வரச் சொன்னான். “கோபத்துல கை நீட்டிட்டேன்ணே, இனிமே நடக்காது” என்றான். காலில் விழாத குறைதான். நல்ல காரியம் செய்த திருப்தியோடு வந்துவிட்டோம். அப்புறம் பத்து நாள் அவளைக் குழாயடியில் காணவில்லை. பத்தாம் நாள் பார்த்தபோது, என்னைக் கண்டதும் பாதிக் குடத்தோடு உள்ளே போய்விட்டாள். “வீட்டு விஷயத்தை வெளிய சொல்வியா” என்று அன்றைக்கு இரவே கதவைச் சாத்திக்கொண்டு அடித்திருக்கிறான். இது எனக்குத் தெரிய வந்ததே ஒன்றரை வருஷம் கழித்துத்தான். அதுவரை அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. நாங்கள் நியாயம் பேசப் போனதால் நடந்தது அவ்வளவுதான்: அவளுக்கு இருந்த ஒரு ஜன்னலும் மூடிக்கொண்டது.

இப்படிப்பட்ட வீடுகளில் அடிக்கு முன்னாலேயே தொடங்கியிருப்பது தனிமைப்படுத்துவது. அம்மா வீட்டுக்குப் போன் பேசினால் முகம் சுளிப்பது, தோழி வந்தால் குத்தலாகப் பேசுவது, சம்பள நாளன்று ஏ.டி.எம். கார்டை வாங்கி வைத்துக்கொள்வது. “குடிச்சாத்தான் இப்படி, மத்தபடி தங்கமான மனுஷன்” என்று அந்தப் பெண்ணே சொல்வாள், மாமியாரும் சொல்வார். டாஸ்மாக்கிலிருந்து வீடு வரும் வழியில் அந்தத் தங்கம் எந்தப் போலீஸ்காரரையும் அடிப்பதில்லை, வேலை கொடுக்கிற மேஸ்திரியையும் அடிப்பதில்லை. துணி மறைக்கிற இடமாகப் பார்த்து அடிக்கத் தெரிகிறவனுக்குப் போதை எவ்வளவு ஏறியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். குடி அடியை மோசமாக்கும், அது உண்மை. ஆனால் துணிச்சல் வருவது, இவளுக்கென்று ஒருவரும் இல்லை என்ற கணக்கிலிருந்து. அந்தக் கணக்கு அவனுக்குத் தெரியாமலே தப்பாகிப் போக வேண்டும். உங்கள் வேலை அதுதான்.

நீங்கள் பார்ப்பது அபூர்வமான வீடு அல்ல. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள, திருமணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவரின் உடல் அல்லது பாலியல் வன்முறையை ஒருமுறையேனும் சந்தித்தவர்கள். இந்திய அளவில் இது 29 சதவீதம். நாம் மற்ற மாநிலங்களைவிட முன்னேறியவர்கள் என்று பேசும்போதெல்லாம் எனக்கு இந்த எண்தான் ஞாபகம் வரும். அதே ஆய்வில், நாடு முழுக்க வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடியவர்கள் 14 சதவீதம் மட்டுமே. “ஒண்ணுமில்லையே” என்று உங்கள் எதிர்வீட்டுப் பெண் சொன்னது, மீதிப் பேர் சொல்லும் பதில்தான்.

சரி, இரவு பத்து மணிக்குச் சத்தம் கேட்கிறது. என்ன செய்வது? காலிங் பெல்லை அழுத்துங்கள். 2008-ல் பிரேக்த்ரூ என்ற அமைப்பு ‘பெல் பஜாவோ’ என்று ஒரு பிரசாரம் நடத்தியது. சத்தம் கேட்டால் போய் மணியடி, ஏதாவது ஒரு சாக்குச் சொல், அந்த நிமிஷத்தை உடை என்பதுதான் அதன் சாரம். நம் ஊருக்கு அது அழகாகப் பொருந்தும். “அக்கா, பால் காய்ச்சி வெச்சுட்டேன், கொஞ்சம் உறைமோர் இருக்கா?” இதைக் கேட்க ராத்திரி பத்து மணியும் ஒரு நேரம்தான். எதற்கு வந்தீர்கள் என்பது அவனுக்குப் புரியாமலா போகும்? ஆனால் அவள் உங்களிடம் சொன்னாள் என்று குற்றம் சாட்ட அவனுக்கு ஆதாரம் இருக்காது. தனியாகப் போகாதீர்கள். கத்தி, கட்டை, மண்ணெண்ணெய் என்று ஏதாவது காதில் விழுந்தால் உறைமோரெல்லாம் வேண்டாம், நேராக அவசர உதவி எண் 112.

பிறகு அவளிடம் பேச வேண்டும், தனியாக. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது, பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது. வாட்ஸ்அப்பில் வேண்டவே வேண்டாம். அவள் போனை அவன் பார்ப்பான், அவள் கணக்கை இன்னொரு கருவியில் இணைத்தே வைத்திருக்கலாம். பேச்சு நீளமாக இருக்க வேண்டியதில்லை. “எனக்குச் சத்தம் கேட்டுச்சு. நீ சொல்லணும்னு இல்லை. உன் மேல தப்பில்லை. எந்த நேரமானாலும் என் கதவைத் தட்டலாம்.” இவ்வளவு போதும். அவள் மறுத்தால், “சரிம்மா” என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள். அந்த வாக்கியம் அவளுக்குள் கிடக்கும். மாதக்கணக்கில்கூடக் கிடக்கும்.

“ஏன் இன்னும் அவனோட இருக்கே?” என்று கேட்காதீர்கள். அவள் வாழ்க்கையில் அந்தக் கேள்விக்கு நூறு பதில் இருக்கிறது, ஒன்றையும் உங்களுக்கு அவள் விளக்கக் கடமைப்படவில்லை. தங்கைக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பிள்ளைக்கு இந்த வருஷம் பத்தாம் வகுப்பு. ‘வாழாவெட்டி’ என்று ஒரு சொல்லை நம் மொழியே அவளுக்காகத் தயாராக வைத்திருக்கிறது. அடித்தவனுக்கு அதற்கு ஈடான சொல் ஒன்று உண்டா என்று தேடிப் பாருங்கள். “அனுசரிச்சுப் போம்மா” என்பதும் வேண்டாம். “உடனே வெளியே வந்துடு” என்பதும் வேண்டாம். அவன் அவளுக்காக முடிவெடுக்கிறான், இப்போது நீங்களும் எடுக்கிறீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்று. அவள் வெளியே வந்தாலும் திரும்பிப் போவாள், பெரும்பாலும் ஒருமுறைக்கு மேல். உதவப் போனவர்கள் கைகழுவுவது இந்த இடத்தில்தான். “இவ்வளவு செஞ்சோம், மறுபடி அவன்கிட்டயே போயிட்டா” என்று நானும் ஒரு காலத்தில் சலித்துக்கொண்டவள்தான். அவள் திரும்பிப் போகும்போது நம் முகத்தில் தெரிகிற அந்தக் கடுப்பைத்தான், அடுத்தமுறை கதவைத் தட்டலாமா என்று யோசிக்கும்போது அவள் நினைத்துப் பார்ப்பாள்.

இப்போது எல்லாரும் கோட்டை விடுகிற ஒரு விஷயம்: ஆஸ்பத்திரி. அரசு மருத்துவமனையில் அடிபட்டு வருகிறவர்களுக்கு ஆக்ஸிடென்ட் ரெஜிஸ்டரில் ஒரு பதிவு போடுவார்கள். ஏ.ஆர். என்று சுருக்கமாகச் சொல்வது. எப்போது, எங்கே, யாரால், எதனால் காயம் என்று ஒரே ஒரு வரி. மருத்துவர் தலை நிமிராமல் கேட்பார், “எப்படிம்மா அடிபட்டுச்சு?” கணவனோ மாமியாரோ பக்கத்தில் நிற்பார்கள். அவள் சொல்வாள்: “பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்.” அப்படியே எழுதப்படும். இரண்டு வருஷம் கழித்து நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்தக் காகிதத்தைத்தான் எடுத்து நீட்டுவார். ‘தெரிந்த நபரால் கையால் தாக்கப்பட்டதாக’ என்று ஒரு வரி ஏறியிருந்தால் கதையே வேறு. நீங்கள் துணைக்குப் போனால் உங்கள் முக்கிய வேலை, அந்த ஒரு நிமிஷத்துக்குக் கணவனை வெளியே நிறுத்துவது. “சார், இந்தச் சீட்டைப் பதிஞ்சுட்டு வாங்க” என்று கவுண்டருக்கு அனுப்பினாலும் சரி. அவள் போலீசுக்குப் போகத் தயாராக இல்லாவிட்டாலும் காயத்தைப் படம் எடுத்து, தேதியோடு, உங்கள் போனில் வைத்திருங்கள். அவள் போனில் இருந்தால் அழிக்கப்படும்.

தீக்காயம் தனிக் கதை. “ஸ்டவ் வெடிச்சிடுச்சு” என்ற வாக்கியத்தை நம் ஊர்த் தீக்காய வார்டுகள் எத்தனை தலைமுறையாகக் கேட்கின்றன! திருமணமாகி 7 ஆண்டுக்குள் பெண் இறந்தால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். பிழைத்துக்கொண்டவளுக்கு என்ன என்று யாரும் கேட்பதில்லை. சென்னையில் 2001 முதல் இயங்கும் பி.சி.வி.சி. என்ற அமைப்பு, தீக்காயத்தோடு பிழைத்த பெண்களின் சிகிச்சை, மனநலம், வேலை என்று கூடவே நிற்கிறது. இதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பது ஒருமுறை அந்த வார்டுக்குள் போய் வந்தவர்களுக்குத் தெரியும்.

சட்டத்துக்கு வருகிறேன். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அடி மட்டும் வன்முறை அல்ல என்று அது தெளிவாகச் சொல்கிறது: பாலியல் வன்முறை, சொல்லாலும் மனத்தாலும் துன்புறுத்துவது, பொருளாதார வன்முறை எல்லாம் அதில் அடக்கம். சம்பளத்தைப் பிடுங்குவது, வீட்டுச் செலவுக்குக் காசு கொடுக்காமல் இருப்பது, அவள் நகையை அவளைக் கேட்காமல் அடகு வைப்பது, இவையெல்லாம் வன்முறை. மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வருகிற கார்டை அவன் வைத்துக்கொள்வதும் என் கணக்கில் இதிலேயே சேரும். மனைவிக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். அம்மா, சகோதரி, விதவை மருமகள், திருமணம் போன்ற உறவில் சேர்ந்து வாழும் பெண் என்று எல்லாரும் இதன்கீழ் வரலாம். கொடுமைக்காரர் மாமியாரோ நாத்தனாரோ ஆனாலும் மனு போடலாம் என்பது 2016-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பால் உறுதியானது.

பெண்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி வீட்டைப் பற்றித்தான். “வீடு மாமனார் பேர்ல இருக்கே, வெளிய போடின்னுட்டா?” போகத் தேவையில்லை. குடும்பமாகச் சேர்ந்து வாழ்ந்த வீடு யார் பெயரில் இருந்தாலும், மாமனார் மாமியார் பெயரிலேயே இருந்தாலும், அதில் தங்கும் உரிமையை அவள் கோரலாம் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் (சதீஷ் சந்தர் அகுஜா வழக்கு) சொல்லிவிட்டது. வீடு அவளுக்குச் சொந்தமாகாது, ஆனால் நினைத்த நேரத்தில் கழுத்தைப் பிடித்துத் தள்ள முடியாது. மாஜிஸ்திரேட்டிடம் பாதுகாப்பு உத்தரவு, தங்கும் உத்தரவு, செலவுக்குப் பணம், குழந்தையைத் தற்காலிகமாகத் தன்னிடம் வைத்திருப்பது, சீர் நகைகளைத் திரும்பப் பெறுவது என எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்கலாம். அவசரம் என்றால் எதிர்த்தரப்பு வராமலே இடைக்கால உத்தரவு கிடைக்கும். உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அம்மா வீட்டுக்கு வந்துவிட்டால் அந்த ஊர் நீதிமன்றத்திலேயே மனு போடலாம், அடித்த ஊருக்கு அலைய வேண்டாம்.

மனு வந்த 3 நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளில் முடிவு என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் அறுபது நாள் என்பது பல இடங்களில் வெறும் வாய்தா எண்ணிக்கையாகிவிடுகிறது. அதை மறைத்து அவளை நீதிமன்றத்துக்கு அழைத்துப் போகாதீர்கள். எவ்வளவு காலம் ஆகும் என்று முன்னமே தெரிந்து வருகிறவள்தான் மூன்றாவது வாய்தாவுக்கும் வருகிறாள்.

இந்தச் சட்டத்தில் உங்களுக்கு நேரடியாகப் பயன்படுகிற ஒரு பிரிவு இருக்கிறது, நான்காவது பிரிவு. வன்முறை நடக்கிறது, அல்லது நடக்கக்கூடும் என்று நம்பக் காரணம் உள்ள யாரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தில் சொன்னதற்காக உங்கள் மேல் வழக்கு எதுவும் வராது. பாதுகாப்பு அலுவலரை மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். வக்கீல் செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். பெண் என்றால் வருமானம் எவ்வளவு இருந்தாலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உண்டு, 15100-ல் அழைத்துக் கேட்கலாம். இதை நான் சொல்லும்போது பலர் நம்புவதில்லை, “எங்களுக்கு ரெண்டு மாடி வீடு இருக்கே மேடம்” என்பார்கள். இருக்கட்டும், வீடு யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

போலீஸ்? நம் மாநிலத்தில் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் 1992-லேயே தொடங்கப்பட்டுவிட்டன, அதில் பெருமைப்படலாம். ஆனால் பல நிலையங்களில் முதல் நடவடிக்கை, இரண்டு தரப்பையும் உட்கார வைத்து, எழுதி வாங்கி, சேர்த்து அனுப்புவது. சில வீடுகளுக்கு அது வேலை செய்யும். கழுத்தை நெரித்தவனோடு அனுப்பி வைப்பது சமாதானம் அல்ல. எதுவானாலும் புகார் கொடுத்ததற்கு சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். கணவரும் அவர் உறவினரும் செய்யும் கொடுமைக்கான பழைய 498-ஏ பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86 ஆகியிருக்கிறது. தண்டனை 3 ஆண்டு வரை. “கேஸ் போட்டும் உள்ளே தூக்கிப் போடலையே” என்று கோபப்படுவார்கள். இந்தப் பிரிவில் காரணம் எழுதாமல் இயந்திரம் போலக் கைது செய்யக் கூடாது என்று 2014-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் உடனடிப் பாதுகாப்புக்குக் கைதை நம்பாமல், நான் மேலே சொன்ன பாதுகாப்பு உத்தரவை நம்புவது நல்லது. இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்கலாம், ஒன்று மற்றதைத் தடுக்காது.

எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் பெண்கள் உதவி எண் 181. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். அவர்கள் ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழிகாட்டுவார்கள். சிகிச்சை, ஆலோசனை, போலீஸ், சட்ட உதவி எல்லாவற்றுக்கும் அங்கிருந்தே ஏற்பாடு செய்வார்கள், 5 நாள் வரை தங்கவும் இடம் உண்டு. மகள்களையும் சின்ன வயது மகன்களையும் கூட்டிப் போகலாம்.

அவள் வெளியேற முடிவு செய்துவிட்டால் கவனம் இரண்டு மடங்கு வேண்டும். மிக ஆபத்தான நேரம், அவள் போகப் போகிறாள் என்று அவனுக்குத் தெரியும் நேரம்தான். கழுத்தை நெரித்திருக்கிறானா, “கொன்னுடுவேன்” என்று சொல்லியிருக்கிறானா, கர்ப்பமாக இருந்தபோது அடித்தானா, சமீபமாக அடி கூடியிருக்கிறதா என்று கேளுங்கள். ஆமாம் என்ற பதில் வந்தால், குறிப்பாகக் கழுத்துக்கு, தள்ளிப்போடாதீர்கள். தழும்பே இல்லாவிட்டாலும் கழுத்து நெரிப்பு உயிராபத்தின் அறிகுறி என்பது உலகெங்கும் ஆய்வுகள் காட்டியது. மருத்துவரும் பார்க்க வேண்டும்.

ஒரு பை. அவள் வீட்டில் இல்லை, உங்கள் வீட்டில். அதில் ஆதார், குடும்ப அட்டை நகல், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பள்ளி அடையாள அட்டை, மாத்திரை, ஒரு மாற்றுச் சாவி, கொஞ்சம் பணம், ஒரு சாதா பட்டன் போன். எங்களிடம் வந்த ஒரு பெண் ஆறு மாதமாக ஒவ்வொரு காகிதமாகக் கொண்டுவந்து பக்கத்து வீட்டு அரிசி டிரம்முக்கு அடியில் சேர்த்திருந்தாள். கடைசியாக வந்தது கல்யாண ஆல்பத்திலிருந்து எடுத்த ஒரே ஒரு போட்டோ. “நகை எல்லாம் என்னுதுன்னு காட்டணும்ல மேடம்” என்றாள். எந்த வக்கீலும் அவளுக்கு அதைச் சொல்லித் தந்திருக்கவில்லை. கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கையில் காய்கறிப் பையோடு, டவுன் பஸ்ஸில். மகளிருக்கு இலவசப் பயணம் என்பதை நையாண்டி செய்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பஸ்தான் கண்ணில் வரும். டிக்கெட்டுக்குக்கூட அவனிடம் காசு கேட்க வேண்டியிருக்கவில்லை.

வந்த பிறகுதான் நீண்ட வேலை. பிள்ளைக்குப் பள்ளி மாற்றுவது, வேலை தேடுவது, வாடகைக்கு வீடு கேட்டால் “வீட்டுக்காரர் என்ன பண்றார்?” என்ற கேள்வியைச் சமாளிப்பது. மாலையில் அரை மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, வாய்தா நாளில் கூடவே போய் நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்திருப்பது போன்றவை ஆறுதல் வார்த்தைகளைவிடப் பெரிய உதவி. அந்த வராந்தாவில் அவன் பக்கம் எட்டுப் பேர் நிற்பார்கள், இவள் பக்கம் யாரும் இருக்க மாட்டார்கள்.

இனி உங்கள் கூட்டம். தாராளமாகப் போடுங்கள். ஆனால் மகளிர் தினத்தன்று மேடை போட்டு, கோலப்போட்டிக்கும் பரிசளிப்புக்கும் நடுவில், கணவன்மார் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்க, “கொடுமைக்கு ஆளானவர்கள் தைரியமாக முன்வர வேண்டும்” என்று பேசினால் யாரும் வர மாட்டார்கள். எதிர்வீட்டுப் பெண் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போவாள். ஆண்களுக்குத் தனியாகப் பேச ஆள் வேண்டும். நண்பன் மனைவியை மட்டமாகப் பேசும்போது சிரிக்காமல் இருப்பது எப்படி என்று தொடங்கினாலே போதும். உங்கள் குடியிருப்பின் காவலாளிக்கும், வீட்டு வேலைக்கு வரும் அக்காக்களுக்கும் 181-ஐச் சொல்லிக் கொடுங்கள். எந்த வீட்டில் எந்தப் பாத்திரம் நெளிந்திருக்கிறது என்பது சங்கத் தலைவருக்குத் தெரியாது, அந்த அக்காவுக்குத் தெரியும்.

அறிவிப்பை லிப்டில் ஒட்டாதீர்கள், அங்கே நின்று யாரும் எண்ணைக் குறித்துக்கொள்ள முடியாது. நாங்கள் ஒரு கம்பெனியில் பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டினோம். அடியில் எண்ணை மட்டும் எழுதி, கிழித்துக்கொள்ள வசதியாகப் பத்துத் துண்டு வெட்டி விட்டிருந்தோம். எதற்கான எண் என்று துண்டில் எழுதவில்லை, பர்ஸில் அவன் பார்த்தாலும் ஒன்றும் புரியாது. ஒரு வாரம் கழித்துப் போனபோது நாலு துண்டு போயிருந்தது. யார் கிழித்தது என்று கேட்க சூப்பர்வைசர் அம்மா ஆர்வமாகத்தான் இருந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, புதுத் தாள் ஒன்று ஒட்டிவிட்டு வந்தோம்.